முதல் பிரிவு அந்தக் குழந்தைக்கு: மனிதக் குளோனிங் பற்றி ஐ.நா. சட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் ஆறாவது குழுவான சட்டக் குழுவில் அமர்ந்திருக்கும் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

2005 மார்ச் 8 அன்று உங்கள் பொதுச்சபை மனிதக் குளோனிங் பற்றி, அதாவது ஒருவரின் செல்லிலிருந்து அதே மரபணுவோடு இன்னொருவரை உருவாக்குவது பற்றி, ஒரு பிரகடனத்தை நிறைவேற்றியது. ஆதரவு 84, எதிர்ப்பு 34, நடுநிலை 37. அந்தப் பிரகடனம் எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. மனித கண்ணியத்துக்கும் மனித உயிரின் பாதுகாப்புக்கும் ஒவ்வாத எல்லா வகை மனிதக் குளோனிங்கையும் தடை செய்யும்படி அது நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது. உயிர் அறிவியலின் பெயரால் பெண்கள் சுரண்டப்படக் கூடாது என்கிறது. ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும்போது எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றையும் நினைவில் வையுங்கள் என்றுகூடச் சொல்கிறது. இவ்வளவையும் சொன்ன அந்த ஆவணத்தில், தடையை மீறி ஒரு குழந்தை பிறந்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு என்ன உரிமை என்பது பற்றி ஒரு வரி கிடையாது. அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் தடைக்கு எதிரானவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளோனிங் மூலம் ஒரு மனிதக் குழந்தையை உருவாக்க முயல்வது தவறு. அதை உலகம் முழுவதும் சட்டப்படி தடுக்க வேண்டும். 2005இல் நீங்கள் செய்ததைவிடக் கடுமையான, எல்லோரையும் கட்டுப்படுத்துகிற உடன்படிக்கை ஒன்று வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஆனால் தடைக்கு நாம் சொல்லும் காரணம் சரியானதாக இருக்க வேண்டும். தவறான காரணத்துக்காகப் போட்ட தடை, நாளை தவறான ஆளைத் தண்டிக்கும்.

நடந்ததைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 2001இல் பிரான்சும் ஜெர்மனியும் உங்களிடம் கொண்டுவந்த கோரிக்கை சிறியது, தெளிவானது: குழந்தை பெறுவதற்கான குளோனிங்கை மட்டும் தடை செய்ய ஒரு சர்வதேச உடன்படிக்கை. அதற்கு எதிராகப் பேச ஏறக்குறைய யாருமே இல்லை. 1997இலேயே யுனெஸ்கோ, மனித மரபணுத் தொகுப்பு பற்றிய தன் பிரகடனத்தின் 11ஆம் பிரிவில், மனிதர்களைக் குளோனிங் மூலம் உருவாக்குவது போன்ற செயல்கள் கண்ணியத்துக்கு முரணானவை, அனுமதிக்கக் கூடாதவை என்று எழுதியிருந்தது. ஐரோப்பியக் கவுன்சில் 1998 ஜனவரியில் அதற்கென்றே ஒரு நெறிமுறை ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு வைத்தது. பாதை போட்டாகிவிட்டிருந்தது.

அப்புறம் கோஸ்டாரிகாவும் அமெரிக்காவும் இன்னும் பல நாடுகளும், தடை என்றால் முழுத் தடை, ஆய்வகத்தில் சில நாள் வளர்த்து மூலச்செல் (உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய செல்) எடுப்பதற்கான கருக்களையும் சேர்த்துத்தான் என்று நின்றன. பிரிட்டன், பெல்ஜியம், சீனா, இந்தியா, சிங்கப்பூர் போன்றவை ஆய்வுக்கான கதவை மூட மறுத்தன. 2003 நவம்பரில் உங்கள் குழுவில் விவாதத்தை இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடலாமா என்று வாக்கெடுத்தபோது 80க்கு 79 என்று ஒரே ஒரு வாக்கில் தள்ளிப்போடுவது என்று முடிவானது. அடுத்த மாதமே பொதுச்சபை அதை ஓராண்டாகக் குறைத்தது. கடைசியில் உடன்படிக்கை என்ற பேச்சே போய், யாருக்கும் முழு மனநிறைவு தராத ஒரு பிரகடனம் மிஞ்சியது. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றை, யாரும் ஒப்புக்கொள்ளாத இன்னொன்றோடு கட்டி, இரண்டையும் சேர்த்து மூழ்கடித்தீர்கள். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கருவின் தகுதி பற்றி நேர்மையான கருத்து வேறுபாடு உண்டு, அது இன்னும் நெடுங்காலம் இருக்கும். அதற்காகப் பிறக்கப்போகும் குழந்தையின் பாதுகாப்பு ஏன் காத்திருக்க வேண்டும்?

தடைக்கான சரியான காரணத்துக்கு வருகிறேன். அது எண்களில் இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் 1996 ஜூலை 5 அன்று டாலி என்ற ஆட்டுக்குட்டி பிறந்தது. இயன் வில்மட்டும் கீத் கேம்பலும் அவர்களுடைய குழுவும், ஆறு வயதுப் பெண் ஆடு ஒன்றின் மடிச்செல்லை எடுத்து, உட்கருவை, அதாவது மரபணுக்கள் இருக்கும் மையப் பகுதியை, நீக்கிய முட்டைகளோடு இணைத்தார்கள். அப்படி இணைத்தவை 277. அவற்றில் 29 மட்டுமே ஆட்டின் கருப்பையில் வைக்கத் தகுந்த கருக்களாக வளர்ந்தன. 13 ஆடுகள் அவற்றைச் சுமந்தன. உயிரோடு பிறந்தது ஒன்று. உலகம் அந்த ஒன்றின் படத்தைப் பார்த்து வியந்தது. நான் மற்றவற்றைப் பற்றிக் கேட்கிறேன்.

ஆட்டோடு போகட்டும் என்றால், நமக்கு நெருங்கிய உறவான குரங்குகளிடம் வாருங்கள். ஷாங்காயில் 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட சோங் சோங், ஹுவா ஹுவா என்ற இரண்டு குட்டிகளும் ஒரு கருவின் செல்களிலிருந்து உருவானவை. அதற்காக 79 கருக்களை 21 பெண் குரங்குகளின் வயிற்றில் வைத்தார்கள். ஆறு கருவுற்றன, இரண்டு குட்டிகள் பிழைத்தன. அதே ஆய்வில் வளர்ந்த குரங்கின் செல்களைக் கொண்டும் முயன்றார்கள். 181 கருக்கள், 42 பெண் குரங்குகள், 22 கருவுறல்கள். பிறந்த இரண்டு குட்டிகளும் சீக்கிரமே இறந்துவிட்டன. மனிதக் குளோனிங் வேண்டும் என்பவர்கள் கேட்பது இந்த இரண்டாவது வகையைத்தான்: வளர்ந்த, வாழ்ந்த, தெரிந்த ஒருவரின் செல்லிலிருந்து. 21, 42 என்ற எண்களின் இடத்தில் பெண்களை வைத்துப் பாருங்கள். கலைந்த ஒவ்வொரு கர்ப்பத்தையும், பிறந்த சில மணி நேரத்தில் மூச்சு முட்டிய ஒவ்வொரு குழந்தையையும் வைத்துப் பாருங்கள்.

ஏன் இப்படி? பல ஆண்டுகள் தோல் செல்லாகவோ மடிச்செல்லாகவோ வேலை செய்த ஓர் உட்கரு, தனக்குத் தேவையில்லை என்று மூடிவைத்த மரபணுக்களைச் சில மணி நேரத்துக்குள் மீண்டும் திறந்து, ஒரு கருவின் முதல் நாளைத் தொடங்க வேண்டியிருக்கிறது. இயல்பான கருவில், விந்தணுவும் முட்டையும் உருவாகும் நீண்ட காலத்தில் அந்த ஒழுங்குபடுத்தல் நடந்து முடிந்திருக்கும். எந்த மரபணு தாய் வழியாக வந்தது, எது தந்தை வழியாக வந்தது என்ற முத்திரைகளும் அதில் அடக்கம். அவசரத்தில் நடக்கும் மாற்றத்தில் எங்கே பிழை விழுந்தது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடிவதில்லை. பிழை பின்னால் தெரிகிறது: வீங்கிய நச்சுக்கொடி, அளவு மீறி வளர்ந்த கன்று, விரியாத நுரையீரல், குறைபட்ட இதயம். டாலியை உருவாக்கிய வில்மட்டே, உயிரியலாளர் ருடால்ஃப் யேனிஷோடு சேர்ந்து, மனிதர்களிடம் இதைச் செய்யாதீர்கள் என்று 2001இல் எழுதியதற்கு இதுதான் அடிப்படை.

இன்றைக்கு ஆபத்து என்றால் நாளைக்குப் பாதுகாப்பாக மாறாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டாலி வந்த அதே செல் தொகுதியிலிருந்து பிறந்த நான்கு ஆடுகள் உட்பட 13 குளோன் ஆடுகள் முதுமையிலும் நலமாக இருந்ததாக 2016இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிழைத்தவை நன்றாக வாழலாம் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் மனிதர்களிடம் இது பாதுகாப்பானது என்று எப்படி நிறுவுவீர்கள்? ஆட்டில் சரியானது குரங்கில் சரியாகவில்லை. குரங்கில் சரியானாலும் மனிதரில் முதலாவதாக ஒரு குழந்தையிடம் சோதித்துத்தான் ஆக வேண்டும், அந்தக் குழந்தையை வாழ்நாள் முழுக்கக் கவனித்துத்தான் ஆக வேண்டும். புதிய மருந்துக்கும் முதல் நோயாளி உண்டு என்பார்கள். அந்த நோயாளிக்கு முன்பே ஒரு நோய் இருக்கிறது. அவர் சம்மதிக்கிறார், அல்லது அவர் நலனுக்காக வேறொருவர் சம்மதிக்கிறார். இங்கே சோதனைக்கு முன் அந்தக் குழந்தையே இல்லை. அதன் எந்தத் துன்பத்தைத் தீர்க்க இந்தச் சோதனை? சோதிப்பவர்களின் விருப்பத்தைத் தவிர வேறு பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தில் கருமுட்டைகள் எங்கோ தானாகக் கிடைக்கும் பொருள் போலப் பேசப்படுகின்றன. தென் கொரியாவில் ஹுவாங் வூ-சுக் என்ற விஞ்ஞானி 2004, 2005 ஆண்டுகளில் மனிதக் கருக்களைக் குளோன் செய்து மூலச்செல் எடுத்ததாக வெளியிட்ட கட்டுரைகள் பொய் என்று தெரிந்து 2006 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பொய்க்காக 119 பெண்களிடமிருந்து 2,221 கருமுட்டைகள் எடுக்கப்பட்டிருந்தன. சிலருக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். அவருடைய ஆய்வகத்திலேயே வேலை செய்த இளம் பெண்களும் கொடுத்திருந்தார்கள். தலைமை ஆய்வாளர் கேட்கும்போது ஓர் இளநிலை ஆய்வாளரால் எவ்வளவு சுதந்திரமாக மறுக்க முடியும்? ஊசிபோட்டுச் சினைப்பையைத் தூண்டி ஒரே சுழற்சியில் பல முட்டைகளை முதிரவைப்பது உடம்புக்குச் சிறிய விஷயம் இல்லை. பெண்கள் சுரண்டப்படக் கூடாது என்ற உங்கள் 2005 வரி சரியான வரி. அதற்குப் பல் வேண்டும்.

இதுவரை சொன்னது தடைக்கு ஆதரவானது. இனிச் சொல்லப்போவது, தடையை ஆதரிப்பவர்களில் பலருக்குப் பிடிக்காமல் போகலாம்.

குளோனிங் கண்ணியத்துக்கு விரோதம் என்று உங்கள் ஆவணங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. யாருடைய கண்ணியத்துக்கு? அப்படிப் பிறக்கும் மனிதர் நம்மில் ஒருவர் அல்லர், ஒருவரின் நிழல், உயிர் இல்லாத உடம்பு என்ற அச்சம் அந்தச் சொல்லுக்குள் பதுங்கியிருப்பதை நான் பல மேடைப் பேச்சுகளில் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். ஆயிரம் பிரசவங்களில் மூன்று நான்கு இப்படி நிகழ்கிறது. மரபணுக் கணக்கில் அவர்கள் ஒருவருக்கொருவர் குளோன்கள். ஒருத்திக்கு இருட்டென்றால் பயம், இன்னொருத்திக்கு இருட்டுதான் விளையாட்டு. ஒருத்தி கோபப்பட்டால் கத்துவாள், மற்றவள் பேச்சை நிறுத்திவிடுவாள். அவர்களைப் பெற்ற நாள் முதல், ஒரே மரபணு என்றால் ஒரே ஆள் என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடிந்ததில்லை.

விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. 2001 டிசம்பரில் டெக்சாஸில் பிறந்த முதல் குளோன் பூனையின் உடல் நிறம், செல் கொடுத்த பூனையின் நிறத்தோடு ஒத்துப்போகவில்லை. மூன்று வண்ணப் பூனைகளில் எந்தச் செல்லில், நிற மரபணுவைச் சுமக்கும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் எது அடங்கிப்போகும் என்பது கரு வளரும்போது தற்செயலாக முடிவாவது. ரோமத்தின் நிறத்துக்கே இந்தக் கதி என்றால், மனத்தைப் பற்றி என்ன சொல்வது? மேலும் குளோன் செய்யப்பட்ட குழந்தை இன்னொரு பெண்ணின் முட்டையிலிருந்து, செல்லுக்குச் சக்தி தருகிற, தனக்கென்று சில மரபணுக்கள் உள்ள மைட்டோகாண்ட்ரியாவைப் பெற்றிருக்கும். வேறு கருப்பையில், வேறு காலத்தில் வளர்ந்திருக்கும். என் மகள்கள் இருவருக்கும் இடையில் உள்ள ஒற்றுமையைவிடக் குறைவான ஒற்றுமைதான் அதற்கும் செல் கொடுத்தவருக்கும் இருக்கும். அது முழு மனிதர். அதில் பேரம் கிடையாது.

அப்படியானால் பாதுகாப்புப் பிரச்சினை ஒருநாள் தீர்ந்துவிட்டால் தடையும் போய்விடலாமா? இங்கேதான் நான் நீண்ட காலம் யோசித்து நிற்கிற இடம். போகக் கூடாது என்பதுதான் என் முடிவு. காரணம் குழந்தையின் இயல்பில் இல்லை. அதை வரவழைப்பவர்களின் எதிர்பார்ப்பில் இருக்கிறது.

என் மகள்கள் ஒரே நேரத்தில் பிறந்தார்கள். இருவருக்கும் எதிர்காலம் ஒரே அளவில் தெரியாததாக இருக்கிறது. ஒருத்தி முன்னால் நடந்து காட்ட, மற்றவள் பின்னால் ஒப்பிடப்பட வேண்டிய நிலை இல்லை. ஹான்ஸ் யோனாஸ் என்ற தத்துவவாதி, டாலிக்கு வெகு காலம் முன்பே, இந்த வேறுபாட்டைக் கண்டு சொன்னார்: தன்னைப் பற்றி முன்கூட்டியே தெரியாமல் வளரும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு, குளோன் குழந்தையிடமிருந்து அது பறிபோகிறது. அந்தக் குழந்தைக்கு எந்த வயதில் தலை வழுக்கையாகும், எந்த நோய் வரக்கூடும், எதில் திறமை இருந்தாக வேண்டும் என்று சுற்றியிருப்பவர்கள் தெரிந்ததாக நினைப்பார்கள். அவர்கள் நினைப்பது தவறாகவே இருக்கலாம். தவறான நம்பிக்கையாலும் ஒரு குழந்தையை நசுக்கிவிட முடியும். பிள்ளைகளை டாக்டராகவும் என்ஜினியராகவும் முன்பே முடிவுசெய்யும் பெற்றோர் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள் என்பீர்கள். இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் நான் வேறு என்று சொல்லித் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. நீ இன்னார்தான் என்ற நம்பிக்கையோடேயே உருவாக்கப்பட்ட பிள்ளை எங்கே போய் அதைச் சொல்லும்?

குழந்தையைப் பறிகொடுத்தவர்களை நினைக்கும்போது என் எழுத்து தடுமாறுகிறது. இந்த விவாதத்தில் அவர்களைப் பேராசைக்காரர்களாகக் காட்டுவது கொடுமை. இறந்துபோன மகனின் ஒரு செல்லாவது மிஞ்சாதா என்று ஒரு தாய் கேட்டால், அந்தக் கேள்வியில் குற்றம் எதுவும் இல்லை. செல்லப் பிராணிகளைக் குளோன் செய்து தரும் நிறுவனங்கள் இன்று வெளிப்படையாகக் கடை விரித்திருக்கின்றன. அவை விற்பது இந்தத் துக்கத்துக்கான மாற்று மருந்தைத்தான். நாய்க்குட்டி பழைய நாயின் பெயருக்கு வாலாட்டுவதில் அந்த நாய்க்கு ஒரு பாரமும் இல்லை. இறந்த அண்ணனின் பெயரும் முகமும் கொடுக்கப்பட்டு, அவன் விட்டுப்போன இடத்தில் உட்காரவைக்கப்படும் சிறுவனுக்கு இருக்கிறது. பெற்றோர் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் இருக்கிறது. நல்லவர்களாக இருந்தால் இன்னும் கூடுதலாக இருக்கலாம், ஏனென்றால் அவர்களை ஏமாற்ற அவனுக்கு மனம் வராது.

குழந்தையில்லாதவர்களின் வாதத்தையும் நான் தள்ளிவிடவில்லை. விந்தணுவோ முட்டையோ இல்லாதவர்களுக்குத் தங்கள் மரபணுவோடு ஒரு பிள்ளை என்பது வேறு வழியில் கிடைக்காது என்பார்கள். இப்போது அந்த வழி மெல்லத் திறக்கிறது. வயது வந்த எலியின் செல்களிலிருந்து முட்டைகள் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டுவிட்டன. மனிதரில் அது வரும்போது அதற்கென்று தனிக் கேள்விகள் எழும். குறைந்தபட்சம் அங்கே இரண்டு பேரின் மரபணு கலந்து, முன்பு வாழ்ந்திராத ஒரு புதிய ஆள் வருகிறார்.

இனி நான் கேட்க வந்த விஷயம்.

தடை போட்டால் மட்டும் பிறப்பு நின்றுவிடாது. 2018 நவம்பரில் ஹே ஜியான்குய் என்ற சீன விஞ்ஞானி, கருவிலேயே மரபணுவைத் திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தபோது, அப்படிச் செய்யக் கூடாது என்பதில் உலக விஞ்ஞானிகளிடையே ஏறக்குறைய ஒருமித்த கருத்து இருந்தது. குழந்தைகளோ பிறந்துவிட்டிருந்தார்கள். மூன்றாவது குழந்தை ஒன்றும் பிறந்தது. 2019 டிசம்பரில் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றவாளிக்கு என்ன செய்வது என்பது சட்டத்துக்குத் தெரிந்திருந்தது. அந்தக் குழந்தைகளுக்கு என்ன செய்வது என்று 2022இல் இரண்டு சீன அறிஞர்கள் முன்வந்து, அவர்களுக்கென ஒரு பாதுகாப்பு ஏற்பாடு தேவை என்று முன்மொழிய வேண்டியிருந்தது. அதற்குள் அவர்கள் தளிர்நடையைக் கடந்துவிட்டார்கள்.

குளோனிங்கிலேயே ஓர் ஒத்திகை நடந்திருக்கிறது. 2002 டிசம்பர் 27 அன்று குளோனெய்ட் என்ற நிறுவனம், ஈவ் என்ற முதல் குளோன் குழந்தை பிறந்துவிட்டதாக அறிவித்தது. ஆதாரம் எதையும் அவர்கள் தரவில்லை, இன்றுவரை இல்லை. அந்தப் பரபரப்பில் எல்லோரும் உண்மையா பொய்யா என்று சண்டையிட்டபோது, புளோரிடாவில் ஒரு வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குப் போய், அப்படி ஒரு குழந்தை இருந்தால் அதற்குப் பாதுகாவலர் ஒருவரை நியமியுங்கள் என்று கேட்டார். நிறுவனத்தின் சார்பில் வந்தவர் குழந்தை வேறு நாட்டில் இருப்பதாகச் சொல்ல, தனக்கு அதிகார வரம்பு இல்லை என்று நீதிபதி வழக்கை முடித்தார். குழந்தை இல்லாததால் யாருக்கும் இழப்பில்லை. இருந்திருந்தால்? ஒரு நாட்டு நீதிமன்றத்துக்கு எட்டாத அந்தக் குழந்தைக்கு எட்டுகிற சட்டம் உங்களால் மட்டுமே எழுதக்கூடியது.

பிறந்த பிறகு அந்தக் குழந்தை யாருடைய பிள்ளை என்பதே சிக்கல். ஒரு பெண் தன் தோல் செல்லைக் கொடுத்து, இன்னொருத்தியின் முட்டையில் அதை வைத்து, மூன்றாவது ஒருத்தி சுமந்து பெற்றால் எத்தனை பேர் தாய்? செல் கொடுத்தவள் மரபணுப்படி அதற்குத் தாயே இல்லை. பல ஆண்டு பிந்திப் பிறந்த இரட்டைச் சகோதரி. அவளுடைய அப்பா அம்மா, குழந்தை பாட்டி தாத்தா என்று கூப்பிடப்போகிறவர்கள், மரபணுப்படி அதன் பெற்றோர். செல் கொடுத்தவர் இறந்தவராக இருந்தால்? அவருக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட செல்லாக இருந்தால்? வாரிசுரிமை, ஜீவனாம்சம், குடியுரிமை எல்லாம் இந்தக் கேள்வியில் தொங்குகின்றன. இத்தனை பேர் உரிமை கோரக்கூடிய குழந்தையை, சட்டத்துக்கு அஞ்சி அத்தனை பேரும் கைவிடவும் கூடும்.

1978 ஜூலை 25 அன்று பிறந்த லூயிஸ் பிரவுனை நினைத்துப் பாருங்கள். சோதனைக் குழாய்க் குழந்தை என்று உலகம் பெயர் வைத்தது. அந்தக் குடும்பத்துக்கு வெறுப்புக் கடிதங்கள் வந்தன. செய்முறை சரியா தவறா என்ற சண்டையின் கோபம் ஒரு கைக்குழந்தையின் மீது விழுந்தது. இன்று அந்த முறையில் பிறந்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். குளோனிங் அந்தப் பாதையில் போக வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. செயலின் மீதுள்ள வெறுப்பு எவ்வளவு எளிதாகப் பிள்ளையின் மீது திரும்பும் என்பதற்காகச் சொல்கிறேன். இங்கே செயல் குற்றமாகவும் இருக்கும். குற்றத்தின் விளைவு என்ற முத்திரையோடு ஒரு குழந்தை பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்.

ஆகவே புதிய உடன்படிக்கையின் முதல் பிரிவு தடையாக இருக்க வேண்டாம், இந்தக் குழந்தையாக இருக்கட்டும். எந்த முறையில் உருவாக்கப்பட்டுப் பிறந்தாலும் அவர் எல்லா உரிமையும் உடைய மனிதர் என்று அது தொடங்கட்டும். 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, பிறப்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று 2ஆம் பிரிவிலும், பிறந்தவுடன் பதிவும் பெயரும் குடியுரிமையும் உண்டு என்று 7ஆம் பிரிவிலும் ஏற்கெனவே சொல்கிறது. அது குளோன் குழந்தைக்கும் பொருந்தும் என்பதை எந்த நாடும் நாளை மறுக்க முடியாதபடி இங்கே எழுத்தில் வையுங்கள். சுமந்து பெற்றவரையோ, வளர்க்கும் பொறுப்பை ஏற்றவரையோ, யாராவது ஒருவரைச் சட்டப் பெற்றோராக உடனே அடையாளம் காட்டும் விதி வேண்டும். யாரும் இல்லையென்றால் அரசு பொறுப்பேற்க வேண்டும். செல் கொடுத்தவருக்கு அந்தக் குழந்தையின் உடம்பின் மீதோ உறுப்பின் மீதோ ரத்தத்தின் மீதோ எந்த உரிமையும் கிடையாது என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும். பிறப்புச் சான்றிதழில் குளோன் என்று எவரும் குறிக்கக் கூடாது. தன் பிறப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை, வயது வந்த பிறகு, அவருக்கு மட்டும் இருக்கட்டும்.

மருத்துவம்தான் இதில் மிகக் கடினம். அந்தக் குழந்தையின் உடல்நிலையைக் கவனிக்காமல் விட்டால் ஆபத்து. கவனிக்கிறோம் என்ற பெயரில் ஆய்வுக்கூட விலங்காக்கினால் அதுவும் அநீதி. வாழ்நாள் முழுக்க இலவசச் சிகிச்சை, ஆனால் அவருடைய நலனுக்குத் தேவையானதைத் தாண்டி ஒரு சொட்டு ரத்தமும் எடுக்கக் கூடாது என்ற எல்லை. எங்கள் வீட்டில் இரட்டையர் ஆய்வு என்று கேட்டு வந்தவர்கள் நாகரிகமானவர்கள்தான், மறுத்தால் போய்விட்டார்கள். உலகத்தில் ஒரே ஒருவராக இருக்கும் குழந்தையை அப்படி எளிதில் விட்டுப் போக மாட்டார்கள்.

தடையின் வாசகத்தைப் பற்றி ஒன்று. செய்முறையின் பெயரைச் சொல்லித் தடுக்காதீர்கள், செய்முறை மாறிக்கொண்டே இருக்கும். 2006இல் ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா எலியின் சாதாரணச் செல்லையே மூலச்செல் போல மாற்றிக் காட்டினார். 2009இல் அத்தகைய செல்களிலிருந்தே முழு எலிகளைச் சீன ஆய்வாளர்கள் பிறக்கவைத்துவிட்டார்கள். உட்கரு மாற்றம், அதாவது டாலியை உருவாக்கிய முறை, என்று மட்டும் சொல்லும் சட்டம் இதைப் பிடிக்காது. ஐரோப்பியக் கவுன்சிலின் 1998 வாசகம், உயிரோடிருக்கும் அல்லது இறந்த இன்னொருவரோடு மரபணு ஒத்த மனிதரை உருவாக்க முயலும் எந்தச் செயலையும் தடுக்கிறது. விளைவைச் சொல்லித் தடுக்கும் வாசகம் அது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டனை மருத்துவருக்கும் நிறுவனத்துக்கும் பணம் போட்டவருக்கும். முட்டை கொடுத்த பெண்ணுக்கும் சுமந்த பெண்ணுக்கும் வேண்டாம். அவர்கள் தண்டனைக்குப் பயந்தால் குழந்தையை ஒளித்துவைப்பார்கள், மருத்துவமனைக்குக் கொண்டுவர மாட்டார்கள்.

ஆய்வுக்கான கருக்கள் பற்றி நான் கருத்துச் சொல்லாமல் நழுவவில்லை. 2013இல் ஷௌக்ரத் மிதாலிபோவ் என்ற ஆய்வாளரின் குழு உட்கரு மாற்ற முறையில் மனித மூலச்செல்களை உண்மையிலேயே எடுத்துக் காட்டியது. யமனாகாவின் முறை அதற்கு முன்பே அதன் தேவையைப் பெருமளவு குறைத்துவிட்டிருந்தது. கடுமையான கால வரம்போடும், முட்டை கொடுக்கும் பெண்களுக்கான முழுப் பாதுகாப்போடும் அனுமதிக்கலாம் என்பது என் எண்ணம். உங்களில் பாதிப் பேர் இதை ஏற்க மாட்டீர்கள். அந்தக் கேள்வி ஒவ்வொரு நாட்டுச் சட்டமன்றத்திலும் தொடரட்டும், இந்த உடன்படிக்கைக்குள் அதைக் கொண்டுவராதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அடுத்த அமர்வின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க ஓர் உறுப்பு நாடு முன்மொழிந்தால் போதும். அப்படிச் சேர்க்கும்போது வாக்கெடுப்பைப் பிரித்து நடத்துங்கள். தடைப் பிரிவுகள் மீது எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வாதிடுங்கள். பிறந்துவிட்ட குழந்தையின் உரிமைகளைச் சொல்லும் முதல் பிரிவை மட்டும் தனியாக எடுத்து, தடை பற்றிய முடிவுக்குக் காத்திருக்காமல், அந்த அமர்விலேயே பொதுச்சபையின் முன் வையுங்கள்.

இப்படிக்கு,
இரட்டைப் பெண்களின் தாய் ஒருத்தி